பத்திரத்தில் யார் பெயர்?

கல்யாணம் ஆகாத பெண்களோ, கணவரை இழந்தவர்களோ இரண்டு பேர் சேர்ந்து வீடு வாங்கிக் குடியிருப்பது இப்போது அதிசயம் இல்லை. ஒருவருக்கொருவர் துணை, வாடகையும் மிச்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்திரம் எழுதும் நாளில் மட்டும் ஏனோ கணக்குப் பேசக் கூச்சப்படுகிறோம். பால்காரரின் அரை லிட்டர் கணக்கைக்கூட காலண்டரில் குறித்து வைக்கிறவர்கள்தான் நாம்!

எங்கள் குடியிருப்பில் ஒரே ஆபீஸைச் சேர்ந்த இருவர் 2005ல் ஃப்ளாட் வாங்கினார்கள். லோன் ஒருத்தி பெயரில் கிடைத்ததால் பத்திரமும் அவள் பெயரிலேயே. "உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன?" என்று மற்றவள் நகையை விற்று முன்பணம் கொடுத்தாள். மாதத் தவணையிலும் பாதியைக் கையில் கொடுத்து வந்தாள். பதினான்கு வருஷம் கழித்து, லோன் எடுத்தவளின் அண்ணன் மகன் வந்து தங்கினான். அடுப்படியில் ஆரம்பித்த வாய்ப்பேச்சு, "வீடு என் பேர்ல இருக்கு" என்பதில் போய் நின்றது.

வக்கீல் அம்மா பாஸ்புக்கைப் புரட்டினார். பணம் எடுத்தது இருக்கிறது, யாரிடம் போனது என்று இல்லை. ரேஷன் கார்டும் கேஸ் ரசீதும் குடியிருந்ததற்குத்தான் சாட்சி. "என் பணம், அவள் பெயரில் வாங்கினோம்" என்று வீட்டில் பங்கு கேட்டால் 1988ம் வருஷத்து பினாமி சட்டம் குறுக்கே நிற்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குள்ள வருமானத்தில் வாங்கினால் விலக்கு உண்டு; சிநேகிதிக்கு இல்லை. கடனாகக் கொடுத்தேன் என்று கேட்கவும் ஆதாரம் வேண்டும், பொதுவாக மூன்று வருஷக் கெடு வேறு.

இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் தைரியமாக இருக்கலாம். பங்கு எவ்வளவு என்று அதிலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாமல் விட்டால், அவரவர் போட்ட பணத்தின் விகிதம். அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முக்கால் பணம் போட்டவளுக்கு வயிறு எரியாதா?

இன்னொன்றை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. இருவரில் ஒருத்தி உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அவள் பங்கு தோழிக்குப் போகாது. குழந்தை இல்லாத இந்து விதவையாக இருந்தால், அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பங்கு 1956ம் வருஷ வாரிசுச் சட்டப்படி கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். எட்டிக்கூடப் பார்க்காத கொழுந்தன் சாவி கேட்டு வந்து நிற்பார்! உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும்.

தோழியோடு சேர்ந்து வீடு வாங்கி இன்றும் நிம்மதியாக இருக்கும் சகோதரிகள், பத்திரம் எப்படி எழுதினீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, தாம்பரம்