மாமா பார்த்தது சிறுத்தையா, மரநாயா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் எங்க மாமாவிடமிருந்து ஆரம்பிக்குது. அவர் கீழப்பழுவூரில் விவசாயம் பார்க்கிறார். ஊர் எங்கேன்னு தெரியாதவங்களுக்கு: திருச்சியிலிருந்து அரியலூர் போற வழி. பொன்னியின் செல்வனில் பழுவேட்டரையர் வருவாரே, அந்தப் பழுவூர். இதைச் சொல்லாம எங்க ஊர்க்காரன் யாரும் அறிமுகத்தை முடிக்க மாட்டான், மன்னிச்சிடுங்க.

2024 ஏப்ரல் மாசம். ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் த்ரீ பேஸ் கரண்ட் வருதுன்னு மாமா மோட்டார் போட போயிருக்கார். வாய்க்கால் வரப்பில் டார்ச் அடிச்சா ரெண்டு கண்ணு மின்னுது. நீளமான வால். ஒரே தாவு, சீமைக்கருவேலங்காட்டுக்குள்ள போயிடுச்சு. காலையில டீக்கடையில சொன்னார். அன்னையிலிருந்து அவருக்குப் பேரு 'புலி மாமா'. எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் புலி ஸ்டிக்கர் பறந்தது. நானும் ஒண்ணு போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ஊருக்குப் போனப்ப அவர் சொன்னார்: "மாப்ள, இனிமே யானையே வந்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஸ்டிக்கர் போட்டவன் நான்ங்கறதால, அந்த வார்த்தை எனக்குக் குத்திச்சு. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல, அந்த மாசம் என்ன நடந்ததுன்னு பார்த்துடலாம். ஏப்ரல் 2 ராத்திரி மயிலாடுதுறை செம்மங்குளம் பகுதியில் ஒரு சிறுத்தை நடமாடியது சிசிடிவியில் பதிவானது. காவிரி டெல்டாவில், நெல்லும் வாய்க்காலுமா இருக்கிற ஊரில் சிறுத்தை! நாடாளுமன்றத் தேர்தலுக்கு ரெண்டரை வாரம்தான் இருந்தது, ஆனா ஊரில் ஓட்டுப் பேச்சைவிட சிறுத்தைப் பேச்சுதான் அதிகம். சில பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாங்க. வனத்துறை கேமரா வைத்தது, கூண்டு வைத்தது. எதுவும் சிக்கவில்லை. அப்புறம் ஏப்ரல் 11 ராத்திரி, எங்க அரியலூர் மாவட்டம் செந்துறையில், அரசு மருத்துவமனைப் பக்கம், மறுபடியும் சிசிடிவி. மறுபடியும் கூண்டு, மறுபடியும் காலி.

மயிலாடுதுறைக்கும் செந்துறைக்கும் நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். ஒன்பது நாள். கணக்குப் போட்டா ஒரு ராத்திரிக்கு ஆறு கிலோமீட்டர். ஒரு சிறுத்தைக்கு இது சர்வ சாதாரணம். மகாராஷ்டிராவில் 'அஜோபா'ன்னு ஒரு சிறுத்தை இருந்தது. 2009இல் ஒரு கிணற்றுக்குள் விழுந்ததைக் காப்பாற்றி, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி, மால்சேஜ் மலைப்பக்கம் விட்டாங்க. ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவோட வேலை அது. அந்தச் சிறுத்தை சுமார் 120 கிலோமீட்டர் நடந்து, ரோடு, ரயில் பாதை எல்லாம் தாண்டி, மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. வழியில் எத்தனையோ ஊர். பட்டை மட்டும் இல்லைன்னா அது நடந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்ப அமெரிக்காவுக்கு ஒரு தாவு. அங்கே பூமான்னு ஒரு பெரிய பூனை உண்டு. ஆமா, ஷூ கம்பெனிப் பேரு அதிலிருந்துதான். கூகர், மலைச் சிங்கம்னும் சொல்லுவாங்க. அந்த நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகளில் இதை வேட்டையாடியே தீர்த்துட்டாங்க. மெய்ன் மாநிலத்தில் 1938இல் கொல்லப்பட்டதுதான் உறுதியான கடைசிப் பதிவு. ஆனா 'நான் பார்த்தேன்'னு சொல்றவங்க மட்டும் குறையவே இல்லை. கறுப்பு பூமா பார்த்தோம்னும் நிறைய பேர் சொல்வாங்க. கறுப்பு நிற பூமா உலகத்திலேயே ஒண்ணுகூட இதுவரை உறுதியாகலை. நம்ம ஊர் கருஞ்சிறுத்தை உண்மை, அது சிறுத்தையே, நிறமி மட்டும் அதிகம். பூமாவில் அது கிடையாது. ஆக, பார்த்தேன்னு சொல்றவங்க எல்லாரும் பார்த்ததைத்தான் சொல்றாங்கன்னு நம்ப முடியாது.

ஆனா கதை அங்கே முடியலை. 2011 ஜூன் மாசம் கனெக்டிகட் மாநிலத்தில் கிரீனிச் ஊர்க்காரங்க பூமா பார்த்தோம்னாங்க. யாராவது வீட்டில் வளர்த்தது தப்பிச்சிருக்கும்னு அதிகாரிகள் நினைத்தாங்க. கொஞ்ச நாளில் மில்ஃபோர்ட் கிட்ட ஒரு கார் மோதி பூமா ஒண்ணு செத்துக் கிடந்தது. வளர்ப்பு விலங்குக்கான எந்த அடையாளமும் இல்லை: சிப் இல்லை, நகம் வெட்டப்படலை. டிஎன்ஏ பார்த்தா, அது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பகுதியைச் சேர்ந்தது. வழியில் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் கிடைத்த மாதிரிகளோடு அதே விலங்குன்னு பொருந்திச்சு. 2,400 கிலோமீட்டருக்கு மேல நடந்து வந்திருக்கு. கன்னியாகுமரியிலிருந்து டெல்லி போற தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதே 2011இல்தான் அமெரிக்க வனவிலங்குத் துறை, கிழக்குப் பகுதி பூமா அழிஞ்சு போச்சுன்னு முடிவுக்கு வந்தது. 2018இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே அதை நீக்கிட்டாங்க. ரெண்டுமே உண்மை. அந்தக் காட்டுக்குச் சொந்தமான பூனை இல்லை. ஆனா கிரீனிச்காரங்க பார்த்தது நிஜமான பூமா.

இங்க நம்ம சாஃப்ட்வேர் மூளையைக் கொஞ்சம் கொண்டு வர்றேன். ஜீரோவுக்கும் நல்லுக்கும் வித்தியாசம் தெரியும்ல? ஜீரோன்னா எண்ணிப் பார்த்தோம், இல்லை. நல்னா எண்ணவே இல்லை. 2022 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் சுமார் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் 1,070. ஆனா அந்தக் கணக்கு முக்கியமா புலி வாழும் காட்டுப்பகுதிகளில் கேமரா வைத்து எடுத்தது. கரும்புக் காடு, தோட்டம், வயல்வெளி அதில் இல்லை. அரியலூரின் முந்திரித் தோப்பும், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளமும் அந்தக் கணக்கில் நல். மேற்கே பச்சைமலையும் கல்வராயனும் இருக்கு. ஒன்றரை, ரெண்டு வயசு ஆனதும் ஆண் குட்டி அம்மாவோட எல்லையை விட்டு இடம் தேடிக் கிளம்பும். அதில் ஒண்ணு வழி மாறி சமவெளிக்கு வர்றது நடக்கவே முடியாத விஷயம் இல்லை.

அதுக்காக மாமா பார்த்தது சிறுத்தைதான்னு சொல்லிட முடியாது. எங்க ஊர் வாய்க்காலில் ராத்திரி சுத்துறது யாரு? மரநாய். காட்டுப்பூனை. ஒரு உதாரணத்துக்கு, ஒரு ராத்திரியில் மாமா கண்ணில் பட வாய்ப்புள்ள ஆயிரம் விலங்கில் ஒண்ணுதான் சிறுத்தைன்னு வைங்க. மாமா பத்து தடவைக்கு ஒரு தடவைதான் தப்பா அடையாளம் காண்கிறார்னு வைங்க, நல்ல கண்ணுதான். அப்படியும் அவர் 'சிறுத்தை'ன்னு சொல்றதில் சுமார் நூறில் தொண்ணூற்றொன்பது தப்பாத்தான் இருக்கும். மாமா பொய் சொல்றார்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அரிதான விஷயத்தைத் தேடுறப்ப நல்ல கண்ணுகூட இப்படித்தான் தோற்கும். இருட்டில் பக்கத்தில் அளவுக்கு ஒரு பொருளும் இல்லாம, மினுங்குற கண்ணை மட்டும் வைத்து உயரம் சொல்லவே முடியாது. ஆடு, நாய், மாடு எல்லாத்துக்கும் கண்ணுக்குப் பின்னாடி ஒளியைத் திருப்பி அனுப்புற படலம் இருக்கு. மின்னுறதால மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது.

அப்ப எது நிரூபணம்? கால்தடம். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கும். அதனால் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி இருக்காது. நாயோட தடத்தில் நகம் குத்தின புள்ளி தெரியும். பூனையோட பெரிய மெத்தையின் பின்பக்கம் மூணு மடிப்பா இருக்கும். காட்டுப்பூனைத் தடத்துக்கும் சிறுத்தைத் தடத்துக்கும் வடிவம் ஒரே மாதிரி, அளவுதான் வேற: சிறுத்தை சுமார் 7, 8 சென்டிமீட்டர் அகலம், காட்டுப்பூனை அதில் பாதி. அதனால படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு காசோ தீப்பெட்டியோ வைக்கணும். அது இல்லாத படத்துக்கு மதிப்பே இல்லை. செத்த ஆட்டிலும் தடயம் உண்டு. சிறுத்தை பொதுவா கழுத்தைப் பிடிச்சு மூச்சை நிறுத்தும். தெருநாய்க் கூட்டம் பின்தொடை, வயிறுன்னு கண்ட இடத்திலும் கடிச்சிருக்கும்.

வனத்துறை வைக்கிற தானியங்கி கேமரா எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு வரி. சுற்றுப்புறத்தைவிட வேற வெப்பத்தில் ஒண்ணு நகர்ந்தா அது படம் எடுக்கும். ஆனா ஏப்ரல் மத்தியானத்து அரியலூர் வெயிலில் தரையும் விலங்கும் கிட்டத்தட்ட ஒரே சூடு, கேமரா கோட்டை விட்டுடலாம். அது ராத்திரி சமாச்சாரம். நல்ல படம் கிடைச்சா உடம்பு வளையங்களை வைத்து இது எந்தச் சிறுத்தைன்னே சொல்லலாம், நம்ம கைரேகை மாதிரி.

இப்ப அந்த ஸ்டிக்கருக்கு வர்றேன். கேலி பண்ணினா மாமா அடுத்த தடவை சொல்ல மாட்டார். தடம் மழையில் அழிஞ்சுடும். எல்லாத்தையும் நம்பினா இன்னொரு ஆபத்து: கூட்டம். 2023 நவம்பர் தொடக்கத்தில் பெங்களூரு கூட்லு கேட் பக்கம் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் வந்த சிறுத்தையைப் பிடிக்கப் போய், கடைசியில் அது துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தது. பிடிச்சு வேற காட்டில் விடுறதும் சுலபமான தீர்வு இல்லை. மகாராஷ்டிரா ஜுன்னர் பகுதியில் அப்படி நிறைய சிறுத்தைகளை இடம் மாற்றின பிறகு மனிதர்கள் மேல் தாக்குதல் கூடிச்சுன்னு வித்யா ஆத்ரேயா குழு பதிவு பண்ணியிருக்காங்க. அதே மாநிலம் அகோலேவில், கரும்பு வயலுக்கு நடுவே, 100 சதுர கிலோமீட்டருக்கு அஞ்சு பெரிய சிறுத்தைகள் வரை இருந்ததையும் அவங்கதான் கேமராவில் காட்டினாங்க. ஊர்க்காரங்களில் பலருக்கு அது பக்கத்தில் இருக்கிறதே தெரியலை.

எங்க அம்மாச்சிக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அவங்ககிட்ட ஆறு ஆடு இருக்கு, அதுதான் கவலை. அந்த ஏப்ரல் முழுக்க வெளித்திண்ணையில், ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் படுத்தாங்க. எழுபத்தஞ்சு வயசு, கையில் ஒரு குச்சி. பட்டிக்கு நாலு பக்கம் முள்வேலி போதாது, சிறுத்தை ஏறும், மேலயும் மூடணும், நீங்க உள்ளே படுங்கன்னு நான் போனில் சொன்னேன். "உன் கம்ப்யூட்டர் வந்து ஆட்டைப் பாக்குமாடா?"ன்னாங்க. பதில் இல்லை. அப்புறம் மாமாவும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து கம்பிவலை வாங்கி மேல அடிச்சோம். கை ரெண்டும் கிழிஞ்சது.

வலை அடிச்சு முடிச்சு டீ குடிக்கிறப்ப மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருசா எடுத்துக்கலை. சட்டைப் பையில் கை விட்டு ஒரு பத்து ரூபாய் காசைக் காட்டினார். மோட்டார் போடப் போகும்போதெல்லாம் எடுத்துட்டுப் போறாராம், தடம் பார்த்தா பக்கத்தில் வைக்க. "அளவு எவ்ளோன்னு சொன்ன, எட்டு சென்டிமீட்டரா?"

சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம்.