குளிரூட்டும் பெட்டிக்குக் குளிர்கால ஓய்வு

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் பலர் இதே தத்துவத்தைக் கொண்டு வீடு முழுவதையும் குளிரச் செய்கின்றனர். கூரைமேல் ஓர் உலோகப் பெட்டி. அதன் பக்கங்களில் மரச்சீவல் மெத்தைகள். அவற்றை நனைக்க ஒரு சிறு நீர்ப்பம்பி. குளிர்ந்த காற்றை வீட்டினுள் தள்ள ஒரு விசிறி. இவ்வளவே அதன் அமைப்பு. ஈரம் மிகுந்த கொழும்புக் காற்றில் இப்பெட்டியால் அதிக பயனில்லை. வறண்ட நாட்டிலோ அது குறைந்த மின்சாரச் செலவில் பெருஞ்சுகம் தருகிறது.

ஆனால் கோடையில் நண்பனாக இருந்த நீரே குளிர்காலத்தில் பகைவனாகிவிடும். அம்மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரம் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கு குளிர்கால இரவுகளில் நீர் உறைந்துவிடும். உறையும் நீரின் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகும். கூரைக்குச் செல்லும் மெல்லிய செப்புக் குழாயில் நீர் தங்கியிருந்தால் குழாய் பிளந்துவிடும். பனிக்கட்டியே அடைப்பாக நிற்பதனால் கேடு உடனே தெரியாது. அது உருகிய பின்னரே நீர் ஒழுகி, கூரையையும் சுவரையும் பாழாக்கும்.

ஆதலால் உறைபனிக்கு முன்னரே பெட்டியை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். பகல் வெயிலை நம்பாது, இரவுக் குளிரைக் கொண்டே நாளைக் குறித்தல் நன்று. முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் வீட்டினுள்ளே, குளிர் அணுகாத இடத்தில் உள்ள வால்வை மூடி, குழாயின் இரு முனைகளையும் கழற்றி, நீரை முற்றாக வடியவிட வேண்டும். பெட்டியின் அடித்தட்டிலுள்ள நீரையும் வெளியேற்றி, படிந்த சுண்ணாம்பை வினாகிரி ஊற்றி ஊறவைத்துச் சுரண்டி எடுக்கலாம். பழைய மெத்தைகளை அகற்றிவிட்டு, பம்பியைக் கழுவி உலர்த்தி வீட்டினுள் வைத்தல் நலம். வடிகால் துளையைத் திறந்தபடியே விட்டு, பெட்டியைப் படங்கினால் இறுகப் போர்த்திக் கட்ட வேண்டும்.

இன்னும் ஒன்று மறத்தலாகாது. பெட்டியிலிருந்து வீட்டினுள் வரும் காற்று வழியை ஒரு தகட்டினால் அடைக்க வேண்டும். சூடான காற்று மேல்நோக்கிச் செல்லும் இயல்புடையது; வழி திறந்திருப்பின், பணம் கொடுத்து உண்டாக்கிய வெப்பம் அனைத்தும் கூரைவழியே வெளியேறிவிடும்.

ஒரு காலைப்பொழுது வேலைதான். அதைச் செய்தவரின் கூரைக்குக் குளிர்காலத்தில் ஆபத்தில்லை. வேனிற்காலத்தில் புது மெத்தை இட்டு, குழாயைப் பூட்டி, வால்வைத் திறந்தால் போதும்.