உயர்தர ஒலிபெருக்கிப் பெட்டிகள்: கட்டுமானப் பொருளும் அதிர்வுத் தணிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒலிபெருக்கிப் பெட்டியின் தரத்தை அதன் எடையைக் கொண்டும் கடினத்தைக் கொண்டும் மதிப்பிடுவது வணிக வழக்கமாக உள்ளது. விறைப்பு, நிறை, தணிப்பு ஆகிய மூன்றும் இணைந்தே பெட்டியின் ஒலியியல் நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒலிபெருக்கி, ஒத்ததிர்வு, விறைப்பு, தணிப்பு, மரநார்ப் பலகை, அலுமினியம்.

முன்னுரை

வீணையின் குடமும் வயலினின் உடலும் தாமும் அதிர்ந்து இசைக்கு நிறம் சேர்க்கின்றன. ஒலிபெருக்கிப் பெட்டியின் கடமை இதற்கு நேர்மாறானது. கூம்பின் பின்புறம் எழும் ஒலி முன்புற ஒலியோடு கலந்து தாழ்சுரங்களை அழித்துவிடாமல் அது தடுக்க வேண்டும்; தனக்கென ஓர் ஓசை அதற்கு இருத்தலாகாது. எனினும் பெட்டிச் சுவர்கள் இரு வழிகளில் அதிர்வைப் பெறுகின்றன. கூம்பை இயக்கும் விசையின் எதிர்விசை, அதன் சட்டத்தின் வழியே முகப்புப் பலகையை அடைகிறது. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்த மாற்றம் எல்லாச் சுவர்களையும் தாக்குகிறது.

சுவர்ப் பரப்பின் விளைவு

100 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உடைய பெட்டியில், முகப்பு நீங்கலான சுவர்களின் பரப்பு 9,200 சதுர செ.மீ. ஆகும். ஏறத்தாழ 130 சதுர செ.மீ. பரப்புடைய கூம்பைப் போல் இது 70 மடங்கு. எனவே, சுவர்கள் அனைத்தும் ஒருசேர அசைவதாகக் கொண்டால், கூம்பின் வீச்சில் எழுபதில் ஒரு பங்கு அசைவே கூம்பு பெயர்க்கும் அளவு காற்றைப் பெயர்த்துவிடும். நடைமுறையில் சுவர்கள் அவ்வாறு ஒருசேர அசைவதில்லை. ஆயினும் ஒத்ததிர்வு நிகழும் அதிர்வெண்களில் மிகச் சிறிய அசைவும் கேட்கக்கூடிய ஒலியாகிறது.

விறைப்பும் தணிப்பும்

ஒரே பொருளாலான பலகையின் தடிமன் இரட்டித்தால் வளைவு விறைப்பு 8 மடங்காகவும் நிறை 2 மடங்காகவும் உயர்கின்றன; ஒத்ததிர்வு அதிர்வெண் 2 மடங்காகிறது. தடிமனை மாற்றாமல் தாங்கலற்ற நீள அகலங்களைப் பாதியாக்கினால் அதே அதிர்வெண் 4 மடங்காகிறது. உட்புறக் குறுக்குத் தாங்கல்களின் பயன் இதனால் விளங்கும். 1980களில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் கையாண்ட 'மேட்ரிக்ஸ்' கட்டமைப்பு, ஒன்றோடொன்று கோத்த பலகைகளால் பெட்டியின் உட்புறத்தைச் சிறு அறைகளாகப் பகுத்து இப்பயனை எய்தியது.

பொருள்களை ஒப்பிடும்போது எதிர்பாராத முடிவு ஒன்று கிடைக்கிறது. அலுமினியத்தின் யங் குணகம் ஏறத்தாழ 69 கிகா பாஸ்கல், எம்.டி.எஃப். எனப்படும் மரநார்ப் பலகையினது 3.5 கிகா பாஸ்கல் அளவினது. எனினும் உலோகத்தின் அடர்த்தி மிகுதியாதலால், ஒரே நீள அகலமுடைய 10 மி.மீ. அலுமினியத் தகடும் 25 மி.மீ. மரநார்ப் பலகையும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. மரநாரின் உள்ளார்ந்த தணிப்போ உலோகத்தினும் பன்மடங்கு மிகுதி. தணிப்பற்ற உலோகத் தகடு மணியைப் போல் நீண்டு ஒலிக்கும். ஆகவே உலோகப் பெட்டியில் தணிப்பைத் தனியே சேர்த்தாக வேண்டும். இரு தகடுகளுக்கிடையே பிசுபிசுப்பும் மீள்தன்மையும் கொண்ட படலத்தை வைத்தால், தகடுகள் வளையும்போது அப்படலம் சறுக்குத் திரிபுற்று அதிர்வாற்றலை வெப்பமாக்குகிறது. குறைந்த தடிமனில் மிகுந்த விறைப்பும் நுண்ணிய அளவுத் துல்லியமும் பெறலாம் என்பதே அலுமினியத்தின் உண்மையான நன்மை.

பி.பி.சி. நெறி

பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் பொறியாளர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தனர். ஹார்வுட், மாத்யூஸ் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, மெல்லிய சுவரில் தணிப்புப் படலம் பொருத்தும் முறையை ஆதரித்தது. சுவர் தடிக்குந்தோறும் ஒத்ததிர்வு, செவி கூர்மையாக உணரும் நடு அதிர்வெண் பகுதியை நோக்கி ஏறுகிறது; குறிப்பிட்ட அளவு படலத்தால் தடித்த சுவரை அடக்குவதும் அரிதாகிறது. 1970களில் உருவான எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறு கண்காணிப்பு ஒலிபெருக்கி 12 மி.மீ. பிர்ச் ஒட்டுப்பலகையால் ஆனது. உட்புறத்தில் நிலக்கீல் பட்டைகள் ஒட்டப்பட்டன. அதன் உள்மூலைச் சட்டங்களுக்கு பீச் மரத்துக்கு மாற்றாக பரானா பைன் மரத்தைப் பயன்படுத்தியபோது ஒலியின் நிறம் மாறியது கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத உறுப்பும் ஒலியை மாற்றும் என்பதற்கு இது சான்று.

வடிவமும் உள்வெளியும்

சுவரின் அதிர்வை அடக்கிய பின்னும் இரு சிக்கல்கள் எஞ்சுகின்றன. 30 செ.மீ. இடைவெளியுள்ள இணைச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 570 ஹெர்ட்ஸில் நிலையலை உருவாகிறது. இதனைக் கம்பளி போன்ற உறிஞ்சு பொருளாலோ இணையற்ற சுவர்களாலோ குறைக்கலாம். மற்றொன்று விளிம்பு விலகல். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் 1951இல் வெளியிட்ட ஆய்வில், கோள வடிவப் பெட்டி சீரான ஒலிப்பையும் கனசதுரப் பெட்டி மிகுந்த ஏற்ற இறக்கத்தையும் காட்டின. இக்குறைகளை எத்துணை விலையுயர்ந்த பொருளும் தானாக நீக்காது.

முடிவுரை

விறைப்பை உயர்த்தி ஒத்ததிர்வை இடம்பெயர்ப்பதும், தணிப்பை உயர்த்தி அதன் உச்சத்தைத் தாழ்த்துவதும் இருவேறு நெறிகள். இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்ட பெட்டி, எடை மிகுந்ததாயினும் குறையுடையதே. விரலால் தட்டிப் பார்ப்பது ஓரிடத்து அதிர்வை உணர்த்துமேயன்றி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி, எத்துணை நேரம் வெளிப்படுகிறது என்பதை உணர்த்தாது. சுவர்களில் முடுக்கமானி பொருத்திப் பெறும் அளவீடும், மறைநிலைக் கேட்புச் சோதனையும் சேர்ந்தே பெட்டியின் தரத்தை நிறுவ வல்லவை.