ஊர் கூடி நடத்தும் மருத்துவம்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பிலுள்ள கூடலூர், பந்தலூர் வட்டங்களில், பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய பழங்குடிகள் காடுகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் இடையே சிதறிக்கிடக்கும் சிற்றூர்களில் வாழ்கின்றனர். தினக்கூலியை நம்பிய இக்குடும்பங்களில் ஒருவர் நோயுற்றால், மருந்துக்கும் வண்டிக்கும் பணம் தேட வேண்டியிருப்பதோடு, துணைக்குச் செல்பவரின் கூலியும் சேர்ந்தே போய்விடுகிறது. நோயுற்ற வேளையில்தான் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிலையில், ஏழை கடைசி நேரத்தில்தான் மருத்துவரிடம் வருவார். அதற்குள் நோயும் முற்றிவிடும், செலவும் பெருகிவிடும்.

இச்சிக்கலுக்கு விடை தேடியது, நில உரிமைக்காக 1980-களின் பிற்பகுதியில் இம்மக்கள் அமைத்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். அதற்குத் துணைநின்ற அக்கார்டு அமைப்பு ஊர்ப் பெண்களுக்கு நலவாழ்வுப் பயிற்சி அளித்தது. அப்பணியின் தொடர்ச்சியாக 1990-இல் அஸ்வினி என்ற அமைப்பும், அதன்வழி கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் உருவாயின.

1992-இல் தொடங்கிய குழுக் காப்பீடு இம்முயற்சியின் நிதி அடித்தளமாகும். குழுக் காப்பீடு என்பது, தனித்தனியே காப்பீடு பெற இயலாத மக்கள், உடல்நலத்தோடு இருக்கும்போதே ஆண்டுதோறும் சிறுதொகையைப் பொதுவில் செலுத்தி, தங்களுள் நோயுறுபவரின் மருத்துவச் செலவை அனைவருமாகத் தாங்கும் ஏற்பாடு ஆகும். எனினும், கூலித் தொழிலாளர் தரும் சந்தாவைக் கொண்டு மட்டும் ஒரு மருத்துவமனையை நடத்த முடியாது என்பதால், அறக்கட்டளைகளும் நன்கொடையாளர்களும் எஞ்சிய சுமையைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

பணத்துக்கு இணையான மற்றொரு பங்களிப்பு உழைப்பு. பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகின்றனர். ஊர்தோறும் செல்லும் நலப் பணியாளர்கள் கருவுற்ற பெண்களைக் கவனித்து, குழந்தைகளின் எடையைக் குறித்துவருகின்றனர். இரத்தச் சிவப்பணுக்கள் பிறைவடிவில் வளைந்து, சிறு நாளங்களில் அடைத்துக்கொண்டு, மூட்டிலும் எலும்பிலும் தாங்கொணா வலியை உண்டாக்கும் அரிவாளணு நோய் இங்கே காணப்படுகிறது. பரம்பரையாக வரும் இந்நோய்க்கு வாழ்நாள் முழுதும் மாத்திரையும் கண்காணிப்பும் தேவை. மாத்திரை தீர்ந்த வீட்டை நினைவில் வைத்துக்கொண்டு, மழையில் மேடேறிச் சென்று கதவைத் தட்டுபவர் அவ்வீட்டாரின் மொழியும் அவ்வூரின் வழியும் அறிந்தவராக இருந்தால்தான் அச்சிகிச்சை தடையின்றித் தொடரும்.

மக்களின் பங்களிப்பைக் காரணம் காட்டி அரசு தன் கடமையிலிருந்து விலகுவது முறையாகாது. வரிப்பணத்தில் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையமே கிராம மருத்துவத்தின் முதுகெலும்பு. ஆயினும், தானும் காசு கொடுத்து, தன் மகளையும் செவிலியராக அனுப்பிய ஒருவர், அம்மருத்துவமனையில் கைகட்டி ஒதுங்கி நிற்பதில்லை. குறை கண்டால் உரிமையோடு கேட்கிறார். அந்தக் கேள்வி எழும் இடத்தில் மருத்துவமனைக்கு நன்கொடை குறைந்த ஆண்டிலும் காவலர்கள் இருப்பார்கள்.