தேதியில்லாத ஏடு: ஒரு ரத்த அறிக்கையை வாசித்தல்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ரத்தப் பரிசோதனை அறிக்கையில் என்ன வேலை என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நண்பன் ஒருவன் மடித்த தாளொன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் போடும்வரை. 'மாப்ளே, நீதான் எதையும் வரிக்கு வரி நோண்டிப் படிப்பியே, இதைப் படி' என்றான். அவன் மனைவிக்கு இரண்டாம் முறையாகக் கரு கலைந்திருந்தது. காரணம் தேடி 'டார்ச்' என்கிற பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. கடைசி எழுத்து ஹெர்ப்பிஸுக்கு உரியது. அந்த வரிக்கு எதிரே 'ஐஜிஜி பாசிட்டிவ்' என்றிருந்தது. செல்போனில் தட்டிப் பார்த்திருக்கிறான். 'பால்வினை நோய்' என்று வந்திருக்கிறது. அன்றிரவே அந்தப் பெண் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

யாரிடமிருந்து, எப்போது, எந்த வழியில் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்த ஒற்றை வரியில் விடை இருப்பதாக நண்பன் வாசித்துவிட்டான். மூன்றில் ஒன்றுக்குக்கூட அதில் விடை இல்லை. பிரதியில் இல்லாததை வாசகன் தன் அச்சத்திலிருந்து எடுத்து எழுதிக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இலக்கியத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பெயர். ஹெர்ப்பிஸ் என்பது ஊர்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தனியொரு நோயல்ல, ஒரு வைரஸ் குடும்பம். சின்னம்மை வைரஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அம்மை இறங்கிப் பல வருஷம் கழித்து அதே வைரஸ் அக்கியாகத் திரும்பி வரும். ஊரில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு வருவார்கள். யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. அறிக்கையில் இருந்தது இதன் உறவுக்கார வைரஸ், ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சார்ந்தது. எச்சில் வழியாக, முத்தம் வழியாக, அநேகமாகக் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். உதட்டோரம் கொப்புளம் வந்தால் 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடுகிறோமே, அதில் பல இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 சதவீதத்தினருக்கு, இது இருக்கிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவால் பரவுவது. 15இலிருந்து 49 வயதுவரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு உண்டு. வாய்வழி உறவால் முதல் வகையும் பிறப்புறுப்புக்குப் போகலாம் என்பதால் இந்தக் கோடும் அழுத்தமான கோடல்ல.

நண்பனின் தாளில் 'எச்.எஸ்.வி. 1+2' என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிதான். குழந்தையில் பாட்டி கொடுத்த முத்தமும் படுக்கையறையும் அந்தக் கூட்டல் குறிக்குள் ஒன்றாகிவிடுகின்றன. எந்த வகை என்பதே தெரியாதபோது எந்த வழி என்பது எப்படித் தெரியும்?

அடுத்தது காலம். உடம்புக்குள் வந்த வைரஸ் வெளியேறுவதில்லை. வாயில் நுழைந்தது மண்டையோட்டின் அடியிலுள்ள நரம்பு முடிச்சிலும், பிறப்புறுப்பில் நுழைந்தது முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளிலும் தங்கிவிடும். அவ்வப்போது நரம்பு வழியே தோலுக்கு வரும். சில சமயம் புண்ணோடு, சில சமயம் ஒரு அடையாளமும் இல்லாமல். இரண்டாம் வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தொற்று பரவுவதும் பெரும்பாலும் இப்படி ஒன்றும் தெரியாத நாட்களில்தான். தொற்றிப் பல வருஷம் கழித்து முதல் புண் வெளியே தெரியலாம், தெரியாமலே போகலாம்.

ஐஜிஜி என்பது வைரஸ் அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு எழுதி வைத்திருக்கும் குறிப்பு. தொற்றிய சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் தாண்டி, தோன்றும். பிறகு பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். போன மாதம் வந்ததா, ஐந்து வயதில் வந்ததா என்று அது சொல்லாது. ஏடு படித்தவர்களுக்கு இது புரியும். பெயர்த்தெழுதியவன் தேதியை நூலின் தேதியாகக் கொண்டால் என்ன கதியாகும்? அறிக்கைத் தாளின் தலைப்பில் உள்ள தேதி ரத்தம் எடுத்த தேதி, அவ்வளவுதான். 'ஐஜிஎம் வந்தால் புதுத் தொற்று' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதுவும் சரியல்ல. பழைய தொற்று திரும்பும்போதும் ஐஜிஎம் வரலாம், வேறு காரணத்தாலும் தப்பாகக் காட்டலாம்.

'பாசிட்டிவ்' என்பதன் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. இரண்டாம் வகைக்கான சோதனையில் அந்த எண் குறைவாக இருந்தால் முடிவு பொய்யாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ரத்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2016இலும் 2023இலும் சொன்னதற்கு இது ஒரு காரணம். புண் இருந்தால் அது புதிதாக இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்து பி.சி.ஆர். செய்வதே நம்பகமானது. எந்த வகை என்பதையும் அது சொல்லும். தொடர்ந்து கரு கலைவதற்குக் காரணம் தேட 'டார்ச்' உதவாது என்பதும் மருத்துவ வழிகாட்டுதல்களில் இருக்கிறது. ஹெர்ப்பிஸால் குழந்தைக்குப் பெரிய ஆபத்து, தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான்.

'நான் எடுத்தா நெகடிவ்தான் வரும், பார்க்கிறியா?' என்றான் நண்பன். வரலாம். அதனால் அவள்மீது குற்றம் நிரூபணமாகாது. 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்த 1,484 ஜோடிகளை எட்டு மாதம் கவனித்தார்கள். வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களின் 741 துணைகளில் தொற்றியது 27 பேருக்கு. தினமும் வாலசைக்ளோவிர் எடுத்தவர்களின் 743 துணைகளில் 14 பேருக்கு. ஒரே பாயில் படுத்தும் ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு இல்லாமலிருப்பது சாதாரணம். மாத்திரை, ஆணுறை, புண்ணோ அது வருமுன் தெரியும் குறுகுறுப்போ உள்ள நாட்களில் விலகியிருப்பது எல்லாமே ஆபத்தைக் குறைக்கும், முழுக்க நீக்காது.

இரண்டாம் வகை பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போவதைவிட ஆணிடமிருந்து பெண்ணுக்கு எளிதில் போகும். ஆனால் நம் பேச்சில் பால்வினை நோய்க்குப் பெயர் 'பொம்பளை சீக்கு'. விரித்தால் பொம்பளையால் வந்த சீக்கு. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். உருபோடு ஒரு தீர்ப்பும் அதற்குள் தொக்கி நிற்கிறது. நண்பன் அறிக்கையைப் படிப்பதற்கு முன்பே இந்தத் தொகை அவனுக்காக அதைப் படித்து முடித்துவிட்டது.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். 'அண்ணே, அந்தத் தாள்ல என் பேரு மட்டும்தான் போட்டிருக்கு. அதான் குத்தமும் எனக்கு மட்டும்' என்றாள். இவ்வளவையும் எழுதி நான் சொல்ல முயல்வதை அவள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

நண்பனிடம் சொன்னேன்: தோல், பால்வினை நோய்ப் பிரிவு டாக்டரிடம் ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. யாரால் வந்தது என்று கேட்காதே, அதற்கு அங்கேயும் பதில் கிடையாது. இருக்கிறதா, எந்த வகை, இனி எப்படி இருக்க வேண்டும் என்று கேள். 'பார்க்கலாம்' என்றான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அவள் இன்னும் தாய்வீட்டில்தான் இருக்கிறாள்.