முட்டாளாகப் பிறந்த 'நைஸ்'

சாப்பாடு நைஸ், சேலை நைஸ், பார்க்க வந்த மாப்பிள்ளையும் நைஸ். எதற்கும் பொருந்தும் இந்த ஆங்கிலச் சொல்லை எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். அன்று அதற்கு 'மடத்தனமான' என்று பொருள்.

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'நெ' என்பது இன்மை, 'ஸ்கீரே' என்பது அறிதல். அதே 'ஸ்கீரே'யின் வழியில் வந்ததுதான் 'சயின்ஸ்'. அறிவியலுக்கும் அறியாமைக்கும் ஒரே வேர்!

பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல், பிறகு ஓரிடத்தில் நிற்கவில்லை. கூச்சமுள்ள, எதிலும் குறை பார்க்கிற, நுணுக்கமான என்று பல பொருள்களில் புழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் 'இனிய' என்ற பொருளும் வேரூன்றியது. 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' நாவலில், எதற்கெடுத்தாலும் 'நைஸ்' போடும் பழக்கத்தை ஜேன் ஆஸ்டின் ஒரு பாத்திரத்தின் வாயால் கிண்டலே செய்துவிட்டார்.

பழைய பொருள் முழுக்கச் சாகவில்லை. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் இனிமையான வேறுபாடு அல்ல, நூலிழை வேறுபாடு. 'நைஸ் அண்ட் வார்ம்' என்பதில் அது நம் 'நல்ல சூடு' போல அளவைக் கூட்டுகிறது. காரியத்தைக் கெடுத்தவரிடம் 'நைஸ் ஜாப்' என்பது, 'நல்லா கிழிச்சே போ' ரகம்.

இப்படித் தாழ்ந்த பொருள் உயர்வதை மொழியியலார் 'உயர்பொருட்பேறு' என்பார்கள். கள் மயக்கத்தைக் குறித்த 'களிப்பு' மகிழ்ச்சியானது தமிழ் உதாரணம். எதிர்த்திசையில் போவது 'இழிபொருட்பேறு'. ஒருகாலத்தில் 'பேறு பெற்ற' என்ற பொருள் தந்த 'சில்லி' இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கிறது. மணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' மூக்கைப் பொத்த வைக்கிறது.

தமிழுக்கு வந்த 'நைஸ்' தனிக்குடித்தனம் நடத்துகிறது. "உளுந்தை நைஸா அரைக்கணும்" என்னும்போது அதில் நுண்மை இருக்கிறது. "நைஸா பேசி காசு வாங்கிட்டான்" என்றால் பசப்பு. வேலை சொல்வார்கள் என்று தெரிந்ததும் "நைஸா நழுவிட்டான்" என்கிறோமே, அந்தப் பொருளை ஆங்கில அகராதியில் தேடினால் கிடைக்காது.