குடிக்கூலிக்கு அரசாங்க உதவி உண்டா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் சேலை நெய்பவர்களிலும், சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் துணி நெய்பவர்களிலும், அய்யனார் கோவில் அடிவாரத்தில் மா, தென்னை பயிர் செய்துகொண்டு இராஜபாளையத்தில் குடியிருப்பவர்களிலும் சொந்த வீடில்லாதோர் பலர். வீடு கட்டுவோருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதே, பிறர் வீட்டில் குடிக்கூலிக்கு இருப்பவனுக்கு ஒன்றும் இல்லையா என்று அவர்கள் கேட்பது நியாயமே.

பிற நாடுகளில் அத்தகைய உதவி உண்டு. பிரிட்டனில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தனியார் வீட்டில் குடியிருக்கும் ஏழைகளுக்கும் வாடகைப் படி கிடைக்க வழி செய்தது. 2008 முதல் அங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் நிலவும் வாடகையைக் கணக்கிட்டு, அதற்கேற்ப உச்சவரம்பு நிர்ணயிக்கிறார்கள். அதற்கு மேல் வீட்டுக்காரர் கேட்டால் மிச்சத்தைக் குடியிருப்பவரே தேடிக்கொள்ள வேண்டும். உச்சவரம்பு இல்லாவிடில் உதவி ஏறஏற வாடகையும் ஏறி, பணம் வீட்டுக்காரரின் பெட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். அச்சம் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம்.

நம் நாட்டில் நெசவாளருக்கோ விவசாயிக்கோ மாதாமாதம் குடிக்கூலியில் ஒரு பங்கை அளிக்கும் பொதுத் திட்டம் கிடையாது. அரசாங்க ஊழியருக்குச் சம்பளத்துடன் வீட்டு வாடகைப் படி உண்டு. அப்படி பெறாதவருக்கும் வருமான வரிச் சட்டம் ஓரளவு கழிவு தருகிறது. ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருந்தாலன்றோ அதனால் பயன்? வீடு கட்டும் மானியங்களோ பெரும்பாலும் மனையுள்ளவரையே நாடிச் செல்கின்றன. 2020இல் மத்திய அரசாங்கம் நகரத் தொழிலாளருக்கென வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதுவும் குறைந்த வாடகைக்கு இடம் தருவதேயன்றி, கையில் பணம் தருவதன்று.

ஆகவே நம்மவருக்கு இன்று கைகொடுக்கக்கூடியது சட்டத்தின் பாதுகாப்பே. சென்னை மாகாணத்தில் 1946இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பின்னர் 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீண்ட காலம் நடப்பில் இருந்தது. அதனை நீக்கி, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நகராட்சிகளில் குடியிருப்போர் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

பழைய சட்டத்தில் நியாய வாடகையை அதிகாரி நிர்ணயிக்கலாம். புதிய சட்டத்திலோ வாடகை இரு தரப்பாரும் செய்துகொள்ளும் ஒப்பந்தப்படியே. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாய்ப்பேச்சே போதும் என்று தலைமுறையாக இருந்துவிட்ட நமக்கு இதுவே பெரிய மாற்றம். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்யுமாறு வீட்டுக்காரர் வழக்காட முடியும். இருபது ஆண்டு ஒழுங்காகக் கூலி கொடுத்தோம் என்பது அப்போது முழுப் பாதுகாப்பாகாது.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்று சட்டம் கூறுகிறது. ஆயினும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். ஆகவே படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். வீட்டைக் காலி செய்தபின், உரிய பிடித்தம் போக முன்பணத்தை ஒரு மாதத்திற்குள் திருப்பித் தர வேண்டும். கொடுக்கும் கூலிக்கு ரசீது கேட்பதும் உரிமையே. அதில் கூச்சத்திற்கு இடமில்லை.

கைத்தறி நெசவாளர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழித்தறி போடத் தரையைத் தோண்ட வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதமின்றிக் கட்டடத்தை மாற்றுவது பின்னால் வழக்குக்கு இடமாகும். தறி போடவும், வீட்டில் நெய்யவும், போகும்போது குழியை மூடித் தரவும் சம்மதம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து சேர்த்துவிட்டால் தொல்லை இராது.

மனஸ்தாபம் வந்தவுடன் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது சில வீட்டுக்காரர்களின் வழக்கம். அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளமே வந்தாலும், குழாய்த் திருகு வீட்டுக்காரர் கையில் இருந்தால் குடியிருப்பவருக்கு என்ன பயன்? இன்றியமையாத வசதிகளை இவ்வாறு தடுக்கலாகாது என்று சட்டம் விதிக்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிட்டால் அவற்றைத் திரும்ப அளிக்குமாறு அவர் உத்தரவிடலாம்.

வெளியேற்றும் எண்ணத்துடன் கூலியை வாங்க மறுப்பவரும் உண்டு. வாங்காதது அவர்தானே என்று சும்மா இருந்தால் பாக்கிதாரர் என்ற பெயர் குடியிருப்பவர் மேல் விழும். அந்நிலையில் கூலியை வாடகை அதிகாரியிடம் செலுத்திவிடச் சட்டத்தில் இடமுண்டு. செலுத்தியதற்கான சீட்டை ஒப்பந்தப் பிரதியுடன் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.